நூலை விற்றுக் கயிறு வாங்கிய கதை

கேள்வி இதுதான்: "இரண்டு நட்பு நாடுகளின் தலைவர்கள் சந்தித்துவிட்டு 'சர்வதேசப் பாதுகாப்பு, வர்த்தகம் குறித்துப் பேசினோம்' என்று அறிக்கை விடுகிறார்கள். ஏற்கெனவே நண்பர்கள்தானே, உள்ளே அப்படி என்ன பேசுவார்கள்? ராணுவ விஷயமும் வியாபாரமும் ஒரே மேஜைக்கு எப்படி வருகின்றன?"

பொதுவாகப் பதில் சொன்னால் நாலு வரியில் முடிந்துவிடும், உங்களுக்கும் ஒன்றும் புரியாது. அதனால் ஒரே ஒரு பேச்சுவார்த்தையை எடுத்துக்கொள்கிறேன். 1969 நவம்பரில் வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் நிக்சனும் ஜப்பான் பிரதமர் எய்சாக்கு சாட்டோவும் மூன்று நாள் பேசினார்கள். ஏன் இது என்றால், இதில் மறைத்து வைத்தது ஏறக்குறைய எல்லாமே பிற்பாடு வெளியே வந்துவிட்டது. நேற்று நடந்த சந்திப்பைப் பற்றி அறிக்கையில் இருப்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது. இதில் அறிக்கையையும் பார்க்கலாம், அறிக்கைக்குப் பின்னால் இருந்த காகிதத்தையும் பார்க்கலாம்.

பேச்சின் பொருள் ஓக்கினாவா. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிடமிருந்து அமெரிக்கா பிடித்த தீவு. 1951-ல் சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகி, அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஜப்பானுக்குச் சுதந்திரம் திரும்பியபோதும் ஓக்கினாவா திரும்பவில்லை. உடன்படிக்கையின் 3-ஆவது பிரிவு அதை அமெரிக்க நிர்வாகத்திலேயே விட்டுவைத்தது. அங்கே 1958 முதல் டாலர்தான் புழக்கம். வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடின, ஜப்பானில் நம்மைப் போல இடது பக்கம். டோக்கியோ போகவே பயண ஆவணம் வேண்டும். 1958 கோடையில் ஷூரி உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் கோஷியன் பேஸ்பால் போட்டியில் ஆடப் போனார்கள். தோற்ற அணி மைதானத்து மண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு போவது அங்கே வழக்கம், இவர்களும் அள்ளிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். துறைமுகத்தில் அந்த மண் 'வெளிநாட்டு மண்' ஆகிவிட்டது. தாவர நோய்த் தடுப்புச் சட்டப்படி கடலில் கொட்டச் சொல்லிவிட்டார்கள். செய்தியைக் கேள்விப்பட்ட விமானப் பணிப்பெண்கள் மண் இல்லாவிட்டால் போகிறது என்று கோஷியனிலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கி அனுப்பினார்கள். கல்லுக்குத் தடை இல்லையே. ஓக்கினாவா திரும்ப வேண்டும் என்பது ஜப்பானியருக்கு எவ்வளவு உணர்ச்சிகரமான விஷயம் என்று பத்து ஆவணம் படிப்பதைவிட இதில் விளங்கும்.

சாட்டோ 1965-ல் அந்தத் தீவுக்கே போய், ஓக்கினாவா திரும்பாதவரை நமக்குப் போர் முடிந்ததாக ஆகாது என்று சொல்லிவிட்டார். வாயை விட்டாயிற்று, இனி வாங்கியே ஆக வேண்டும். கூடவே ஒரு நாட்காட்டிச் சிக்கலும் இருந்தது. இரு நாட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை 1960-ல் திருத்தப்பட்டது. அதைச் செய்தவர் அப்போதைய பிரதமர் கிஷி, சாட்டோவின் சொந்த அண்ணன். (தத்துப்போனதால் குடும்பப் பெயர் வேறு.) அந்தத் திருத்தத்தை எதிர்த்து டோக்கியோவில் லட்சக்கணக்கில் கூட்டம் கூடி, ஒரு மாணவி உயிரிழந்து, அதிபர் ஐசனோவரின் ஜப்பான் பயணமே ரத்தாகி, கடைசியில் கிஷி பதவி விலகினார். அதே உடன்படிக்கையை 1970 முதல், ஒரு வருட முன்னறிவிப்பில், எந்தப் பக்கமும் முறித்துக்கொள்ளலாம். அண்ணனுக்கு நடந்தது தம்பிக்கும் நடக்காமல் இருக்க 1970-க்கு முன்பே கையில் ஏதாவது வேண்டும்.

அமெரிக்காவுக்கும் அவசரம் இல்லாமல் இல்லை. வியட்நாம் போருக்கு ஓக்கினாவாதான் பின்தளம். 1968 நவம்பர் 10-ல் தீவின் தலைமை நிர்வாகி பதவிக்கு நடந்த முதல் நேரடித் தேர்தலில், உடனே திரும்ப வேண்டும் என்று கேட்ட ஆசிரியர் சோபியோ யாரா ஜெயித்தார். ஒன்பது நாள் கழித்து கடேனா தளத்தில் புறப்பட்ட பி-52 குண்டுவீச்சு விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து வெடித்தது. பக்கத்திலேயே ஆயுதக் கிடங்கு. ஊர்க்காரர்கள் மூன்றாம் உலகப் போர் வந்துவிட்டது என்றே நினைத்தார்களாம். தீவைப் பிடித்து வைத்திருந்தால் தளமே கையை விட்டுப் போகலாம் என்பது ராணுவத்துக்கும் உறைக்க ஆரம்பித்தது.

ஆக, இருவருக்குமே தீவைத் திருப்புவதில் சம்மதம். அப்புறம் என்ன பேரம்? அணு ஆயுதம். ஓக்கினாவாவில் அமெரிக்கா அவற்றை வைத்திருந்தது. ஜப்பானோ 1967-ல்தான், அதே சாட்டோ வாயாலேயே, அணு ஆயுதம் வைத்துக்கொள்ள மாட்டோம், செய்ய மாட்டோம், உள்ளே விட மாட்டோம் என்று மூன்று கொள்கைகளை அறிவித்திருந்தது.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். அமெரிக்கா உள்ளுக்குள் 1969 மே 28 அன்றே முடிவெடுத்துவிட்டது: மற்ற விஷயங்களில் ஜப்பான் திருப்தியாக நடந்துகொண்டால், பேச்சின் கடைசிக் கட்டத்தில் அணு ஆயுதங்களை எடுத்துவிடச் சம்மதிக்கலாம், அவசர காலத்தில் கொண்டுவரும் உரிமை மட்டும் இருந்தால் போதும். இதை ஜப்பானிடம் சொல்லவில்லை. கொடுக்கத் தீர்மானித்துவிட்ட பொருளைக் கடைசிவரை கொடுக்க மனமில்லாததுபோலக் கையில் பிடித்துக்கொண்டு, அதற்கு ஈடாக வேறு எதை வாங்கலாம் என்று பார்ப்பது. மாட்டுத் தாவணியில் துண்டைப் போட்டுக் கைவிரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதுதான். விரல் பேசுவது வெளியே தெரியாது. (சில நாளிலேயே இந்த முடிவு நியூயார்க் டைம்ஸில் கசிந்துவிட்டது. துண்டு கொஞ்சம் விலகிய மாதிரி. ஆனாலும் அமெரிக்கா உறுதியாக ஒன்றும் சொல்லாததால் ஜப்பான் தரப்புப் பதற்றம் குறையவில்லை.)

அந்த 'வேறு எது' என்பதில்தான் துணி வருகிறது.

1968 தேர்தலில் நிக்சனுக்குத் தென் மாநில ஓட்டு தேவைப்பட்டது. கரோலினாக்கள், ஜார்ஜியா எல்லாம் நூற்பாலை, நெசவாலை ஊர்கள். பருத்தித் துணி இறக்குமதிக்கு ஏற்கெனவே 1960-களின் தொடக்கத்திலிருந்து கட்டுப்பாடு உண்டு. செயற்கை இழைக்கும் கம்பளிக்கும் கிடையாது. நான் வந்தால் அதையும் கட்டுப்படுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தார், ஜெயித்தார். 1969 மே மாதம் வணிகச் செயலர் மாரிஸ் ஸ்டான்ஸ் டோக்கியோ வந்து, நீங்களாகவே ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் வருவதற்கு முன்பே ஜப்பான் நாடாளுமன்றக் கீழவை, குறைக்கக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டது. எங்கள் துணியால் உங்கள் ஆலைகளுக்குச் சேதம் என்றால், சர்வதேச வர்த்தகத்துக்கு விதி வகுத்த காட் (GATT) ஒப்பந்தப்படி சேதத்தை நிரூபித்துக் காட்டுங்கள் என்பது ஜப்பான் வாதம். நியாயமான வாதம்தான். அமெரிக்கச் சந்தையில் அந்தத் துணியின் பங்கு மிகச் சின்னது. ஆனால் நிக்சனுக்கு அது சந்தைக் கணக்காக இருக்கவில்லை, ஓட்டுக் கணக்காக இருந்தது.

இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டது வெளியுறவு அமைச்சகங்கள் இல்லை. இரண்டு பேர். ஒருவர் கிஸ்ஸிஞ்சர், நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர். இன்னொருவர் கெய் வகாயிசுமி, கியோட்டோவில் ஒரு கல்லூரிப் பேராசிரியர். அரசாங்கத்தில் எந்தப் பதவியும் கிடையாது, சாட்டோவின் நம்பிக்கைக்குரியவர், அவ்வளவுதான். தொலைபேசியில் பேசும்போது கிஸ்ஸிஞ்சர் 'ஜோன்ஸ்', வகாயிசுமி 'யோஷிடா'. முறையான பேச்சை நடத்திக்கொண்டிருந்த வெளியுறவு அமைச்சர் ஆயிச்சிக்கும் அவருடைய அதிகாரிகளுக்கும் இந்தத் தடம் என்ன பேசுகிறது என்று தெரியாது. நீங்கள் செய்தியில் பார்க்கிற நீள மேஜை, இரு பக்கமும் கொடி, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரு தடம். அதற்கு அடியில் இப்படி இன்னொரு தடம் இருக்கலாம். எப்போதும் இருக்கும் என்று சொல்லவில்லை, கடினமான விஷயம் ஏதாவது மாட்டிக்கொண்டால் இருக்க வாய்ப்பு அதிகம்.

நவம்பர் 19. முதல் நாள். ஜோன்ஸும் யோஷிடாவும் முன்கூட்டியே ஒரு நாடகம் எழுதி வைத்திருந்தார்கள். பேச்சு முடிகிற நேரத்தில் நிக்சன், "பக்கத்து அறையில் சில கலைப்பொருட்கள் வைத்திருக்கிறேன், பார்க்கிறீர்களா?" என்று சாட்டோவை ஓவல் அலுவலகத்தை ஒட்டிய சின்ன அறைக்குக் கூப்பிட வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் கூட வரக் கூடாது. உள்ளே தயாராக இருக்கிற காகிதத்தின் இரண்டு பிரதிகளில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அப்படியே நடந்தது. காகிதத்தில் இருந்தது இதுதான்: பெரும் அவசர நிலை வந்தால், ஓக்கினாவாவுக்குள் அணு ஆயுதங்களை மறுபடியும் கொண்டுவரவும் அதன் வழியாக எடுத்துச்செல்லவும் அமெரிக்காவுக்குத் தேவைப்படும். அதற்காக முன் ஆலோசனை (இப்படிச் செய்வதற்கு முன் ஜப்பானைக் கலந்துகொள்ளும் முறை) கேட்கும்போது ஜப்பான் தாமதமின்றிச் சம்மதிக்கும். கடேனா, நாஹா, ஹெனோகோ என்று இடங்களின் பெயர் உட்பட எழுதியிருந்தது. ஒரு பிரதி வெள்ளை மாளிகையில், ஒன்று பிரதமர் அலுவலகத்தில், வேறு யாருக்கும் காட்டக் கூடாது.

இப்போது நவம்பர் 21 அன்று வெளியான கூட்டறிக்கையின் 8-ஆவது பத்தியைப் பாருங்கள். அணு ஆயுதம் குறித்து ஜப்பானிய மக்களுக்கு உள்ள தனிப்பட்ட உணர்வைப் பிரதமர் விளக்கினார். அதிபர் ஆழ்ந்த புரிதலைத் தெரிவித்தார். பிறகு, முன் ஆலோசனை முறை பற்றிய அமெரிக்க நிலைப்பாட்டுக்குப் பாதகம் இல்லாமல், ஜப்பானிய அரசின் கொள்கைக்கு இசைவாகத் தீவு திருப்பித் தரப்படும் என்று அதிபர் உறுதியளித்தார். டோக்கியோவில் எல்லோரும் கடைசிப் பகுதியை வாசித்து, அணு ஆயுதம் இல்லாமல், மற்ற ஊர்களைப் போலவே, 1972-ல் ஓக்கினாவா திரும்புகிறது என்று கொண்டாடினார்கள். அந்த அறைக்குள் போட்ட கையெழுத்து முழுக்க 'பாதகம் இல்லாமல்' என்ற ரெண்டு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. கூட்டறிக்கையில் பொய் இருப்பது அபூர்வம். உண்மையை எந்த இடத்தில் உட்கார வைத்தால் யார் கண்ணிலும் படாது என்பதுதான் அதை எழுதுகிறவர்களின் தொழில். அதே அறிக்கையில் தென் கொரியாவின் பாதுகாப்பு ஜப்பானுக்கு இன்றியமையாதது, தைவானின் பாதுகாப்பும் மிக முக்கியம் என்று இரண்டு வரி இருக்கும். படிக்க நல்லெண்ணம் மாதிரித் தெரியும். அந்தப் பக்கம் சண்டை வந்தால் ஜப்பானிலுள்ள தளங்களிலிருந்து போவதற்குத் தடை சொல்ல மாட்டோம் என்பது அதன் சாரம்.

துணி? கூட்டறிக்கையில் துணி பற்றிப் பேச்சே இல்லை.

ஆனால் அறைக்குள் பேசினார்கள். இதைப் பற்றி ஜப்பானில் பிரபலமான ஒரு கதை உண்டு. சாட்டோ 'ஸென்ஷோ ஷிமாஸ்' என்று சொன்னாராம். நம்மூர் அரசு அலுவலகத்தில் "பார்த்துச் செய்யலாம்" என்பார்களே, கிட்டத்தட்ட அதே. கேட்டவனுக்குக் காரியம் நடக்காது என்று புரிந்துவிடும், சொன்னவனும் மறுத்ததாக ஆகாது. மொழிபெயர்ப்பாளர் அதை, என்னால் முடிந்த அத்தனையும் செய்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட, நிக்சன் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார் என்று கதை போகும். மொழிபெயர்ப்பு வகுப்புகளில் சொல்லச் சொல்ல அழகாகிக்கொண்டே வந்த கதை. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பின்னால் வெளியான அமெரிக்கக் குறிப்புகளையும் வகாயிசுமியே எழுதியதையும் வைத்துப் பார்த்தால், சாட்டோ தெரிந்துதான் வாக்குக் கொடுத்தார். செயற்கை இழையும் கம்பளியும் சேர்த்து, ஜெனீவாவில் நடக்கும் பேச்சில் நீங்கள் கேட்கிற மாதிரி முடித்துத் தருகிறேன், ஆனால் இப்படி ஒரு ஏற்பாடு இருப்பது வெளியே தெரியக் கூடாது என்பதுதான் பேச்சு. பழியைத் தூக்கி மொழிபெயர்ப்பாளர் தலையில் வைப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கிறது.

சரி, வாக்குக் கொடுத்தார், நிறைவேற்ற வேண்டியதுதானே? முடியவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. துணி விஷயம் வெளியுறவு அமைச்சகத்தின் கையில் இல்லை, தொழில் வணிக அமைச்சகத்தின் கையில் இருந்தது. ரகசியமாகக் கொடுத்த வாக்கு என்பதால் சாட்டோவால் தன் அமைச்சரைக்கூட, நான் கொடுத்துவிட்டேன், செய்து முடி என்று கூப்பிட்டு வெளிப்படையாகச் சொல்ல முடியாது. நாடாளுமன்றத்தில் கேட்டால் அப்படி எந்த ரகசிய ஒப்பந்தமும் இல்லை என்று மறுத்தாக வேண்டும். முதலில் ஓஹிரா அமைச்சராக இருந்தார், அசையவில்லை. மாற்றி மியாசாவாவைப் போட்டார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர், அமெரிக்கர்களோடு பழகியவர். 1970 ஜூனில் ஸ்டான்ஸோடு வாஷிங்டனில் உட்கார்ந்தார், அதுவும் முறிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பெரும்புள்ளி வில்பர் மில்ஸ் மூலமாக ஜப்பான் துணித் துறையே நாங்களாகக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம் என்று ஒரு திட்டம் வைத்தது. நிக்சன் அதைத் தூக்கிப் போட்டார். அவர் கேட்டது ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனி வரம்பு, இவர்கள் கொடுத்தது மொத்தத்துக்கு ஒரு வரம்பு. அதோடு, தன்னைத் தாண்டி மில்ஸுக்குப் பெயர் போவதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

தீவைக் கொடுக்கிறேன் என்று சொன்னேன், துணியில் ஏமாற்றிவிட்டான் என்று நிக்சன் மனதில் விழுந்துவிட்டது. 1971 ஜூலை 15-ல் சீனாவுக்குப் போகப்போகிறேன் என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். அத்தனை வருடமாக அமெரிக்காவின் சொல் கேட்டுச் சீனாவைத் தள்ளிவைத்த சாட்டோவுக்கு அறிவிப்புக்குச் சற்று முன்புதான் தகவல் போனது. ஒரு மாதம் கழித்து, டாலரைக் கொடுத்துத் தங்கம் கேட்டால் இனி கிடையாது, இறக்குமதிக்கு 10 சதவீதம் கூடுதல் வரி என்று அடுத்த அடி. தேதி ஆகஸ்ட் 15, ஜப்பான் சரணடைந்த நாள். தற்செயலோ என்னவோ. அப்புறம் துணிக்குக் கெடு: அக்டோபர் 15-க்குள் கையெழுத்துப் போடாவிட்டால் நாங்களே கோட்டா விதிப்போம். அதற்கு அவர்கள் எடுத்த சட்டத்தின் பெயரைக் கேளுங்கள், 'எதிரியோடு வணிகம் செய்தல் சட்டம்', 1917-ல் முதல் உலகப் போருக்காகப் போட்டது. நட்பு நாட்டின் பாலியெஸ்டர் துணிக்கு எதிராக!

ஜூலையில் அமைச்சராக வந்திருந்தவர் காக்குவேய் தனாகா. கல்லூரிப் படிப்பு கிடையாது, கட்டட ஒப்பந்தத் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்தவர், எந்த வேலைக்கு என்ன விலை என்று தெரிந்தவர். முதலில் வாஷிங்டன் போய், சேதத்தை நிரூபியுங்கள் என்ற பழைய வாதத்தையே உரக்கப் பேசினார், அமைச்சக அதிகாரிகளுக்கு மகிழ்ச்சி. திரும்பி வந்து அதே அதிகாரிகளைக் கூப்பிட்டு, நாம் சொல்வது சரிதான், ஆனால் இது நடக்காது, வேறு வழி சொல்லுங்கள் என்றார். நெசவுக்காரர்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்து, தறிகளை அரசே வாங்கிக்கொண்டால் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் அதற்கு 20,000 கோடி யென் ஆகுமே என்றார்கள். பணம்தான் பிரச்சினையா என்று கேட்டுவிட்டு, சாட்டோவிடம் தொலைபேசியில் பேசிவிட்டு, தன் விசிட்டிங் கார்டை எடுத்து, 20,000 கோடி யென், தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதி நிதியமைச்சருக்குக் கொடுத்தனுப்பினாராம். அவருடைய செயலராக இருந்தவர் பின்னாளில் சொன்னது. இரண்டு வருடம் இரண்டு அமைச்சர்களால் முடியாதது ஒரு அட்டையில் முடிந்தது. அக்டோபர் 15 அன்று, கெடு முடிகிற நாளில், டோக்கியோவில் தனாகாவும் அமெரிக்கச் சிறப்புத் தூதர் டேவிட் கென்னடியும் கையெழுத்திட்டார்கள். மூன்று வருடத்துக்குச் செயற்கை இழை ஆண்டுக்கு 5 சதவீதம், கம்பளி 1 சதவீதம், அதற்கு மேல் ஏற்றுமதி வளரக் கூடாது.

அப்புறம் தறி உடைப்பு. அரசு காசு கொடுத்த தறி மறுபடியும் ஓடக் கூடாது என்பதால் உடைத்துக் காட்ட வேண்டும். நெசவு ஊர்களில் நேற்றுவரை எண்ணெய் விட்டுத் துடைத்த தறியைச் சொந்தக்காரரே நிற்க, சுத்தியலால் நொறுக்கினார்கள். தறி எடைக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. அங்கே ஒரு சொலவடையே உண்டாகிவிட்டது. ஜப்பானிய மொழியில் 'இத்தோ' என்றால் நூல். 'நாவா' என்றால் கயிறு, ஓக்கினாவா என்ற பெயரின் பின்பாதியும் அதே எழுத்துதான். நூலை விற்றுக் கயிறு வாங்கினார் சாட்டோ.

துணி கையெழுத்தாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 10 அன்று அமெரிக்க செனட் ஓக்கினாவா ஒப்பந்தத்தை 84-க்கு 6 என்ற கணக்கில் ஏற்றது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் இரு அரசுகளும் சொல்லிக்கொண்டிருந்தன.

பணத்திலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். தீவு திரும்ப ஜப்பான் 32 கோடி டாலர் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் இருந்தது. ராணுவம் எடுத்த நிலங்களைச் சீர்செய்ய அமெரிக்கா கொடுக்க வேண்டிய 40 லட்சம் டாலரையும் உண்மையில் ஜப்பானே ரகசியமாகக் கொடுத்தது. தொகை சின்னதுதான். காசு கொடுத்துத் தீவைத் திருப்புகிறோமா என்று அமெரிக்கக் காங்கிரஸ் கேட்கும், அதனால் அமெரிக்கா கொடுத்த மாதிரி இருக்க வேண்டும். மைனிச்சி பத்திரிகையின் தகிச்சி நிஷியாமா இதைத் தந்திகளோடு கண்டுபிடித்தார். 1972-ல் கைது செய்யப்பட்டார். அமைச்சகத்தில் தகவல் கொடுத்த பெண்ணோடு அவருக்கு உறவு இருந்தது என்று குற்றப்பத்திரிகையிலேயே எழுதி, ஊர்ப் பேச்சை 40 லட்சம் டாலரிலிருந்து அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1978-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. அந்தப் பேச்சை நடத்திய அதிகாரி புன்ரோக்கு யோஷினோ, ஆமாம், ரகசிய ஒப்பந்தம் இருந்தது என்று ஒப்புக்கொண்டது 2006-ல்.

அணு ஆயுதக் காகிதம்? வகாயிசுமி 1994-ல் எல்லாவற்றையும் ஒரு பெரிய புத்தகமாக எழுதிவிட்டார், அரசு மறுத்தது. சாட்டோ, மூன்று அணு ஆயுத எதிர்ப்புக் கொள்கைகளுக்கும் சேர்த்துத்தான், 1974-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியிருந்தார். 2009 டிசம்பரில் அந்தக் காகிதம் வெளியே வந்தது, எங்கிருந்து என்றால் சாட்டோவின் வீட்டிலிருந்து. அவர் பயன்படுத்திய மேஜைக்குள் இருந்தது, மகன் எடுத்துக் கொடுத்தார். அரசுக் கோப்பில் இல்லை, அடுத்த பிரதமருக்குக் கைமாறியதற்கும் தடயம் இல்லை. அதனால் அடுத்த ஆண்டு அரசு அமைத்த நிபுணர் குழு, பின்னால் வந்தவர்களை இது கட்டுப்படுத்தியிருக்காது, இதை ரகசிய ஒப்பந்தம் என்றே சொல்ல முடியாது என்கிற மாதிரி முடிவெழுதியது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அதிபரும் பிரதமரும் கையெழுத்திட்டு இரண்டு பிரதி வைத்துக்கொண்டதை வேறு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

இன்னொரு பின்விளைவு நம் பக்கம்வரை வந்தது. ஜப்பானோடு சேர்த்துத் தென் கொரியா, தைவான், ஹாங்காங் எல்லோரிடமும் அதே அக்டோபரில் அமெரிக்கா கோட்டா வாங்கியது. அந்த அச்சிலிருந்துதான் 1974-ல் பல்வகை இழை ஒப்பந்தம் வந்தது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்தவர்களுக்கு 'கோட்டா' என்ற சொல் எவ்வளவு பழக்கம் என்று சொல்லத் தேவையில்லை. ஆர்டர் இருந்தாலும் கோட்டா இல்லாமல் சரக்கு போகாது, கோட்டா கையில் இருந்தால் அதுவே ஒரு சொத்து. 2004 டிசம்பர் 31 வரை அது நீடித்தது. கரோலினா ஓட்டுக்காக ஒருவர் கொடுத்த வாக்கு, ஒரு தீவின் விலையோடு பின்னி, முப்பது சொச்ச வருடம் கழித்து அவிழ்ந்தது.

ஆக, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாதுகாப்பும் வர்த்தகமும் ஒரே மேஜைக்கு வருவதற்குக் காரணம், உட்கார்ந்திருக்கிற ஆள் ஒருவரே என்பதுதான். அமைச்சகங்கள் வேறு வேறு, கோப்புகள் வேறு வேறு, ஆனால் அடுத்த தேர்தல் ஒன்று. எதிரியோடு பேசும்போது எதைக் கொடுத்தாலும் விட்டுக்கொடுத்துவிட்டான் என்று வீட்டில் சத்தம் வரும் என்பதால் எல்லாம் அளந்து எழுதப்படும். நண்பனிடம் அப்படி இல்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று வாய்வார்த்தையில் கடன் வைக்கலாம். அந்தக் கடன்தான் ஆபத்து. வாங்கியவர் ஒன்று நினைத்திருப்பார், கொடுத்தவர் வேறு ஒன்று நினைத்திருப்பார். அடுத்த முறை இப்படி ஓர் அறிக்கை வந்தால் முதல் பத்தியை விட்டுவிடுங்கள். 'பாதகம் இல்லாமல்', 'உட்பட்டு' மாதிரிச் சொற்கள் எங்கே வருகின்றன, சந்திப்புக்கு முந்தின வாரம் பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்த எந்த விஷயம் அறிக்கையில் காணாமல் போயிருக்கிறது, அடுத்த ரெண்டு மாதத்தில் எந்த அமைச்சர் மாற்றப்படுகிறார் என்று பாருங்கள்.

ஓக்கினாவாக்காரர்கள் இந்தப் பேச்சுகள் எதிலும் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுசாகாது. 1971 நவம்பர் 17 அன்று யாரா, தளங்களைக் குறைக்க வேண்டும், திரும்புதல் எங்கள் மக்கள் விருப்பப்படி இருக்க வேண்டும் என்று தன் அரசு தயாரித்த நீண்ட மனுவை எடுத்துக்கொண்டு டோக்கியோவுக்கு விமானம் ஏறினார். நாடாளுமன்றக் குழு ஒப்பந்தத்தை விவாதித்துக்கொண்டிருந்தது, கொண்டுபோய்க் கொடுத்தால் படிப்பார்கள் என்று நம்பினார். அவர் ஹனேடாவில் இறங்குவதற்குள், அன்று பிற்பகலே, ஆளும் கட்சி விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்பை முடித்துவிட்டது. பிய்ந்த செருப்பைப் போல எங்கள் மக்களின் மனதை மிதித்துவிட்டார்கள் என்று அவர் நாட்குறிப்பில் எழுதினார். அடுத்த ஆண்டு மே 15, தீவு திரும்பிய நாளில், நாஹாவில் மழை. அரங்கத்துக்குள் விழா நடந்தது, பக்கத்துப் பூங்காவில் குடையும் கொடியுமாக எதிர்ப்புக் கூட்டம் நடந்தது. கையிலிருந்த டாலரை 305 யென்னுக்கு மாற்றிக்கொள்ள வங்கி வாசலில் வரிசை நின்றது. வண்டிகள் இடது பக்கத்துக்கு மாற இன்னும் ஆறு வருடம் ஆனது, 1978 ஜூலை 30. ஜப்பானின் மொத்த நிலப்பரப்பில் ஓக்கினாவா 0.6 சதவீதம். நாட்டில் அமெரிக்கப் படை மட்டுமே பயன்படுத்தும் தளங்களின் நிலத்தில் சுமார் 70 சதவீதம் இன்றைக்கும் அங்கேதான்.